நடுத்தர கால நிதித் திட்டம்: முன்பு போட்ட கணிப்பை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

பிரிவு: தமிழ்நாடு – மாநில நிதி
இழை தொடக்கம்: மே 2025

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த 2025-26 பட்ஜெட்டைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. எந்த ஊருக்கு என்ன அறிவிப்பு என்பதை மறுபடி கிளற இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது.

2003இல் வந்த நிதிப் பொறுப்புடைமைச் சட்டப்படி, ஒவ்வொரு பட்ஜெட்டோடும் நடுத்தர கால நிதித் திட்டத்தைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். பட்ஜெட் ஆண்டுக்கான கணக்கோடு அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான கணிப்பும் அதில் வரும். இந்தியாவிலேயே இந்தச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த சில மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. பெருமைதான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுக் கட்டங்களை யாராவது பிறகு எடுத்துப் பார்க்கிறார்களா?

ஓராண்டு மதிப்பீட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2021-22 திருத்திய பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவு வருவாயைத் தாண்டும் தொகை, 58,692 கோடி ரூபாய் என்றார்கள். முடிவில் 46,538 கோடி. 2022-23இல் 52,781 கோடி என்று மதிப்பிட்டார்கள். 36,215 கோடியில் முடிந்தது. இரண்டு ஆண்டும் நல்லதே நடந்தது. அடுத்து 2023-24. 37,540 கோடி என்று தொடங்கி 45,121 கோடியில் நின்றது. 2024-25க்கு 49,279 கோடி என்று சொல்லி, ஆண்டு முடியும் முன் போடும் திருத்த மதிப்பீட்டில் 46,467 கோடிக்கு வந்திருக்கிறார்கள். இப்போது 2025-26க்கு 41,635 கோடி.

ஓராண்டுக்குள்ளேயே ஏழாயிரம் கோடியும் பதினாறாயிரம் கோடியும் இப்படி அப்படிப் போகிறது என்றால், மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள்? அதிலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அந்தக் கட்டங்களில் பற்றாக்குறை எப்போதும் இறங்கிக்கொண்டே போகிறது. நிஜத்தில் 2013-14 முதல் ஓர் ஆண்டு விடாமல் வருவாய்ப் பற்றாக்குறைதான். சட்டம் அதை அடியோடு நீக்கச் சொல்கிறது; அதற்கான கெடுவைத் திருத்தம் போட்டுப் போட்டுத் தள்ளிவைத்தபடி இருக்கிறோம்.

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஒரு மாநிலம் பத்தாண்டுகள் முன்னால் பார்ப்பது எப்படி என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். துறைக்குள் இருந்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.


திருப்பூர்க்காரன்:

நல்ல கேள்வி சார். என் பங்குக்கு ஒன்று. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டாரே, அதில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார். அன்றைக்கு எங்கள் கடைத்தெருவில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இப்போது 2026 மார்ச் முடிவில் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று அரசே சொல்கிறது. ஆனால் குடும்பக் கணக்கு போடுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். மாநில உற்பத்தி மதிப்பில் 26.07 விழுக்காடு என்கிறார்கள், எல்லைக்குள் இருக்கிறது என்கிறார்கள். எது சரி?


மட்டுறுத்துநர்:

கட்சிச் சண்டை இல்லாமல் பேசினால் இழை திறந்திருக்கும். எந்த ஆட்சியின் எண்ணாக இருந்தாலும் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.


கருவூலத்தான்:

பணிக்காலம் முழுக்க நிதி சார்ந்த அலுவலகங்களிலேயே இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்ஜெட் கோட்டையில் தொடங்குவதில்லை. ஏதோ ஒரு வட்டாரத்தில் இருக்கும் சின்ன அலுவலகத்தில், சம்பளப் பட்டியல் போடும் உதவியாளரின் மேசையில் தொடங்குகிறது. பட்ஜெட்டுக்குப் பல மாதங்கள் முன்பே நம்பர் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, ஒவ்வொருவருக்கும் அடிப்படைச் சம்பளம் என்ன, அடுத்த ஊதிய உயர்வு எந்தக் காலாண்டில் என்று அலுவலர் வாரியாகப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அது துறைத் தலைமைக்குப் போய், தொகுக்கப்பட்டு, நிதித்துறைக்குப் போகும்.

காலிப் பணியிடத்தை எப்படிக் காட்டுவது என்பதில்தான் சங்கடம். இந்த ஆண்டு டி.என்.பி.எஸ்.சி. வழியாக ஆள் வந்துவிடுவார் என்று நினைத்து முழு ஆண்டுச் சம்பளத்தையும் போட்டு வைப்போம். போடாமல் விட்டு, ஆள் வந்துவிட்டால் சம்பளத்துக்கு ஒதுக்கீடு இருக்காது; எந்த அலுவலரும் அந்த ஆபத்தை ஏற்கமாட்டார். ஆள் வரமாட்டார். மார்ச் மாதம் இறுதித் திருத்திய நிதி ஒதுக்கத்தில், நாங்கள் எஃப்.எம்.ஏ. என்போம், அந்தப் பணம் சரண்டர் ஆகும், அதாவது செலவாகாமல் அரசுக்கே திரும்பும். மாநிலம் முழுக்க இதைக் கூட்டிப் பாருங்கள். 2025-26இல் சம்பளத்துக்கு மட்டும் 90,464 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு இப்படித் தங்கினாலும் 1,800 கோடி. ஆகச் செலவுப் பக்கத்தில் சம்பளம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டப்படும். அது கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பயத்தில் செய்வது.

இதற்கு நேர்மாறானது வருவாய்ப் பக்கம். அங்கே கூடுதலாகக் காட்டினால்தான் பற்றாக்குறை அடங்கும். சொந்த வரி வருவாய் 2024-25 திருத்த மதிப்பீடு 1,92,752 கோடி. 2025-26க்கு 2,20,895 கோடி. 14.6 விழுக்காடு வளர்ச்சி. நடக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடித்தளமான 1,92,752 கோடியே இன்னும் கணக்கில் முடியாத எண். அது குறைந்தால் அதன்மேல் கட்டிய எல்லாமே குறையும்.

மூன்றாண்டுக் கணிப்புக்கு இதன் விளைவைப் பாருங்கள். ஆண்டுக்கு 14.6 விழுக்காடு என்று மூன்றாண்டு ஓட்டினால் சுமார் 2,90,000 கோடி வரும். 11 விழுக்காடு என்று ஓட்டினால் சுமார் 2,63,600 கோடி. வித்தியாசம் 26,500 கோடி. இன்றைய வருவாய்ப் பற்றாக்குறையில் பாதிக்கு மேல், ஒரே ஓர் அனுமானத்துக்குள் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுக் கட்டத்தில் பற்றாக்குறை இறங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

திருப்பூர்த் தம்பி கேட்டதற்கு: இரண்டும் சரியான எண்கள்தான். குடும்பக் கணக்கு கடனின் பருமனைக் காட்டும். விழுக்காட்டுக் கணக்கு, திருப்பிக் கட்டும் வலுவோடு ஒப்பிட்டுக் காட்டும். நான் இரண்டையும்விட வட்டியைப் பார்ப்பேன். இந்த ஆண்டு வட்டி ஏறக்குறைய 70,750 கோடி. மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி. நூறு ரூபாய் வந்தால் 21 ரூபாய் வட்டிக்குப் போகிறது. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 61 ரூபாய் போய்விடும். பள்ளிக் கட்டடமும் மருந்தும் மானியமும் மீதியிலிருந்துதான்.


பொருநைக்கரை:

கருவூலத்தான் ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். மிக்க நன்றி.

விழுக்காட்டுக் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நிதிப் பற்றாக்குறை, அதாவது இந்த ஆண்டு கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்த இடைவெளி, 1,06,963 கோடி, அதாவது மாநில உற்பத்தி மதிப்பில் சரியாக 3 விழுக்காடு. அந்த உற்பத்தி மதிப்பு ஏறக்குறைய 35.67 இலட்சம் கோடி என்பதும் ஒரு கணிப்பு. அது 3 விழுக்காடு குறைந்து வந்தால், ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்காமலே பற்றாக்குறை 3.09 ஆகிவிடும், கடன் 26.07இலிருந்து 26.9க்கு ஏறிவிடும். அடுத்த ஆண்டு ஒன்றிய அரசு கடன் வரம்பு விதிக்கும்போது இதையும் பார்த்துத்தான் விதிக்கும்.


மின்கம்பம்:

இந்த இழையில் மின்வாரியம் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாரியத்தில் பொறியாளராக இருந்தவன்.

2014 டிசம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அடுத்த உயர்வு 2022 செப்டம்பரில். இடையில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது. 2016இல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் வந்தது. அதன் மானியத்தை அரசு தருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. மற்ற இடைவெளியையெல்லாம் வாரியம் கடன் வாங்கி அடைத்தது. அந்தக் கடன் எதுவும் அந்தந்த ஆண்டின் அரசு பட்ஜெட்டில் தெரியவில்லை.

தெரிந்தது எப்போது? 2017 ஜனவரியில், மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்கும் ஒன்றிய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது. வாரியத்தின் கடனில் நான்கில் மூன்று பங்கு, 22,815 கோடியை, அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்கு மூன்றாண்டு முன்னால் போட்ட எந்த நடுத்தர காலத் திட்டத்திலாவது 2016-17க்கு இப்படி ஒரு செலவு வரும் என்று இருந்திருக்குமா? வாரியத்துக்குள் இருந்த எங்கள் எல்லோருக்கும் அது வரும் என்று தெரியும். எந்த ஆண்டு என்பதுதான் தெரியாது.

2022 ஆணையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு ஜூலையும் நுகர்வோர் விலை உயர்வு அல்லது 6 விழுக்காடு, எது குறைவோ அதற்கேற்பக் கட்டணம் தானாக ஏறும். 2023இல் 2.18 விழுக்காடு, 2024இல் 4.83 விழுக்காடு. கணிப்பு போடுபவர்களுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் எதிர்காலக் கட்டணம் இப்போது ஒரு விதிக்குள் இருக்கிறது. ஆனால் இது 2026-27 வரைதான். அதற்கப்புறம் மறுபடி எட்டாண்டு மௌனம் வந்தால்? கணிப்பில் அந்த வாய்ப்பையும் ஒரு வரியாகக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.


திருப்பூர்க்காரன்:

ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்ட ஒன்றிய அரசு தந்த இழப்பீட்டையும் இதே கணக்கில் சேர்க்கலாம். 2017 ஜூலையிலிருந்து ஐந்தாண்டு, 2015-16ஐ அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சிக்கு உத்தரவாதம். எந்த மாநில நிதியமைச்சருக்கும் அப்படி ஒரு வசதி அதற்கு முன் கிடைத்ததில்லை. 2022 ஜூன் 30உடன் முடிந்தது. முடியும் தேதி முதல் நாளிலேயே தெரிந்த ஒன்று. அதற்கு எந்த மாநிலமும் சரியாகத் தயாராகவில்லை. வரி கட்டும் இடத்தில் இருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது என்னவென்றால், 2022க்குப் பிறகு துறையின் நோட்டீஸும் சோதனையும் கூடின. தப்பில்லை, ஏய்ப்பவர்களைப் பிடிக்கட்டும். ஆனால் ஒழுங்காகக் கட்டுபவனையும் சேர்த்து அலைய வைத்தால் 14 விழுக்காடு வந்துவிடாது.


வைகைச்செல்வி:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்ததால் சி.பி.எஸ். என்னும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். பெரியவர்கள் பேசும் இடத்தில் என் கேள்வியையும் வைக்கிறேன்.

ஓய்வூதியம் என்றாலே மாநிலத்தின் சுமை என்று எழுதுகிறார்கள். 2025-26இல் 41,290 கோடி என்பது பெரிய தொகைதான். அந்தப் பணம் வாங்குபவர்கள் எல்லாம் 2003க்கு முன் சேர்ந்தவர்கள். எங்களைப் போன்ற ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது இருபது ஆண்டுகள் கழித்தும் தீர்மானமாகவில்லை. மாதா மாதம் பத்து விழுக்காடு பிடிக்கிறார்கள். மற்ற மாநிலங்கள் சேர்ந்த ஒன்றிய ஓய்வூதிய ஆணையத்தின் அமைப்பிலும் தமிழ்நாடு சேரவில்லை. பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு போட்டார்கள், ஒன்பது மாதம் அவகாசம். அதற்கு முன்பும் குழுக்கள் வந்து போயின.

என் கேள்வி இதுதான். எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் தந்தால் அரசுக்கு எவ்வளவு ஆகும், 2035இல் எவ்வளவு, 2045இல் எவ்வளவு என்று ஓர் அட்டவணையை ஏன் இதுவரை யாரும் மக்கள் முன் வைக்கவில்லை? தர முடியும் என்று சொல்பவர்களும் கணக்குக் காட்டவில்லை. முடியாது என்று சொல்பவர்களும் காட்டவில்லை. நாங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தால் மட்டும் பேராசை என்கிறார்கள்.


கருவூலத்தான்:

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003இல் 25 வயதில் சேர்ந்த ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2038இல். அதற்குப் பிறகு அவருக்கும், அவருக்குப் பின் குடும்பத்துக்கும் இருபது இருபத்தைந்து ஆண்டு ஓய்வூதியம். ஆகப் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் முதல் பத்தாண்டுகளில் அரசுக்கு இலாபம் போலத்தான் தெரியும், ஏனென்றால் அரசு தன் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. செலவு ஏறத் தொடங்குவது 2030களின் பிற்பகுதியில். மூன்றாண்டுக் கணிப்பில் அந்த மேடு தெரியவே தெரியாது. இராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் எல்லாம் திரும்பியபோது அந்தந்த ஆண்டின் பட்ஜெட் எண்கள் மோசமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். 2023இல் ரிசர்வ் வங்கியின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை புதிய திட்டத்தைப் போல நாலரை மடங்கு வரை போகலாம் என்றது. அது அகில இந்தியக் கணக்கு. நமக்கு நம் பணியாளர்களின் வயது, சேர்ந்த ஆண்டு, சம்பளநிலை ஆகியவற்றை வைத்துத் தனியாகப் போட வேண்டும்.

போட முடியாதா? முடியும். அரசுப் பணியாளர் விவரங்களும் சம்பளமும் பதிவாகும் களஞ்சியம் மென்பொருளில் ஒவ்வொரு பணியாளரின் பிறந்த தேதியும் சம்பளமும் இருக்கின்றன. முன்பு பணிப்பதிவேட்டைத் தேடி அலுவலகம் அலுவலகமாக எழுத வேண்டியிருந்த தகவல், இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணிப்புப் போலப் பணியாளர் கணிப்பு போடலாம். ஆண்டுக்கு எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்பது, இந்த மாநில நிதியில் மிகத் துல்லியமாகக் கணிக்கக்கூடிய எண். வரி வருவாயைப் போல அதில் யூகம் கிடையாது.

அந்தத் துல்லியமான எண்ணையும் ஒரே ஆணை எப்படி மாற்றும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2020 மேயில் ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60. இதனால் 2020 மே மாதம் ஓய்வு பெற வேண்டியவர் 2022 மே மாதம்தான் பெற்றார். இரண்டாண்டுக்கு வயது முதிர்வில் ஓய்வே கிட்டத்தட்ட இல்லை. பணிக்கொடை, தொகுப்பு ஓய்வூதியம், விடுப்புப் பணம் எல்லாம் இரண்டாண்டுக்கு அரசுக்கு மிச்சம். கொரோனா காலத்தில் அது மூச்சுவிட இடம் கொடுத்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் செலவு மறையவில்லை. 2022-23 முதல் திரும்பி வந்தது, அதுவும் கூடுதல் சம்பளநிலையில். வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கும் இரண்டாண்டு போயிற்று.

இந்த வாரமே இன்னொன்று கண்முன் இருக்கிறது. ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறுவது, 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. மார்ச் பட்ஜெட்டில் 2026 ஏப்ரல் 1 முதல் மீண்டும் தருவோம் என்றார்கள்.  ஏப்ரல் 28 அன்று முதலமைச்சர் அதையே 2025 அக்டோபர் 1 முதல் என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். பணியாளர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான், நான் மகிழ்ச்சியடைகிறேன். ஆனால் பட்ஜெட் தாக்கலான ஏழு வாரத்துக்குள் அதில் இல்லாத செலவு ஒன்று நடப்பாண்டுக்குள் வந்துவிட்டது. கூடுதல் செலவுக்குப் பேரவையிடம் பிறகு அனுமதி கேட்கும் துணை மானியக் கோரிக்கையில் ஏறும்.


சேகர்_சான்ஹோசே:

கலிபோர்னியாவில் இருந்து எழுதுகிறேன். இங்கும் மாநில பட்ஜெட்தான் பெரிய தலைவலி என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இங்கே சட்டமன்றத்துக்கென்று தனியாக ஒரு நிதி ஆய்வு அலுவலகம் இருக்கிறது, 1941 முதல். ஆளுநரின் நிதித்துறைக்குக் கட்டுப்பட்டது இல்லை. ஆண்டுக்கொருமுறை குளிர்காலத் தொடக்கத்தில், ஆளுநர் பட்ஜெட் போடும் முன்பே, அடுத்த சில ஆண்டுகளுக்கான தன் கணிப்பை வெளியிட்டுவிடும். ஆக ஜனவரியில் ஆளுநர் ஓர் எண் சொன்னால், ஒப்பிட இன்னொரு எண் ஏற்கெனவே மேசையில் இருக்கும்.

அப்படியும் கணிப்பு கவிழும். 2022 மேயில் ஏறத்தாழ 9,800 கோடி டாலர் உபரி என்று இங்கே கொண்டாட்டம். பங்குச்சந்தை இறங்கியது. இங்குள்ள வருமான வரி பெரும் பணக்காரர்களின் பங்கு இலாபத்தை நம்பி இருப்பது. அதோடு 2023 தொடக்கத்தில் புயல் மழை காரணமாக வரி கட்டும் கெடுவை நவம்பர் வரை தள்ளிவைத்தார்கள். ஜூனில் பட்ஜெட் நிறைவேற்றும்போது எவ்வளவு வரி வந்தது என்றே தெரியாது. டிசம்பரில் அந்த அலுவலகம் அறிவித்தது: 6,800 கோடி டாலர் பற்றாக்குறை. ஒன்றரை ஆண்டில் அந்த முனையிலிருந்து இந்த முனை.

அதனால் சுதந்திர அலுவலகம் வந்தால் எண் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கவிழ்ந்தபோது இரண்டு உதவி கிடைத்தது. எங்கே, எதனால் பிசகியது என்று அதே அலுவலகம் பகுதி பகுதியாக எழுதி வெளியிட்டது. 2014இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தத்தால் நல்ல ஆண்டுகளில் சேமநிதியில் கட்டாயமாகப் போட்டு வைத்த பணமும் இருந்தது.


பொருநைக்கரை:

சேகர், மிகவும் பயனுள்ள பதிவு. சேமநிதி நமக்குப் புதிதில்லை. ஒடிசா சுரங்க வருவாய் கொழித்த நேரத்தில் பட்ஜெட் நிலைப்படுத்தல் நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அங்கே வருவாய் உபரி இருந்தது. 12 ஆண்டாக வருவாய்ப் பற்றாக்குறையில் இருக்கும் நாம் எதை எடுத்து வைப்பது என்பது நியாயமான கேள்வி.

அரசின் நிதிக் கணிப்புகளைச் சுதந்திரமாக ஆராயும் தனி நிதிக் குழுமம் வேண்டும் என்று 2017இல் என்.கே. சிங் தலைமையிலான குழு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது. நிதி ஆணையங்களும் சொல்லிவிட்டன. டெல்லியிலேயே வரவில்லை. ஆனாலும் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோ, ஜான் திரேஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ். நாராயண் ஆகியோரை வைத்து முதலமைச்சருக்குப் பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்த மாநிலம் இது. நான்கைந்து பேர் கொண்ட, பேரவைக்கு நேரடியாக அறிக்கை தரும் சிறு அலுவலகம் நம்மால் முடியாத காரியம் இல்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2001இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2021இல் தியாகராஜன். இரண்டும் முந்தைய ஆட்சியின் கணக்கைப் பற்றியவை. தான் போட்ட மூன்றாண்டுக் கணிப்பு ஏன் பிசகியது என்று எந்த அரசும் தானே ஓர் அறிக்கை வைத்து நான் பார்த்ததில்லை. அதுதான் முதலில் வர வேண்டும். பழி சுமத்த அல்ல, அடுத்த கணிப்பைத் திருத்த.


மின்கம்பம்:

ஒரு சந்தேகம். பிசகாத எண்ணும் ஒன்று இருக்கிறதே. நிதிப் பற்றாக்குறை மட்டும் எப்படி ஆண்டுதோறும் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது?


கருவூலத்தான்:

பாலம், கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவைப் பாருங்கள், விடை கிடைக்கும். 2023-24இல் மூலதனச் செலவு 44,366 கோடி என்று பட்ஜெட். முடிந்தது 40,000 கோடிக்குக் கீழே. வருவாய் குறைந்தால் சம்பளத்தை நிறுத்த முடியாது, வட்டியை நிறுத்த முடியாது. பாலமும் நீர்ப்பாசன வேலையும் நிற்கும். ஜனவரியில் ஒப்பந்தக்காரர் பில்லோடு வந்து நிற்பார், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்புவோம். அந்தக் காட்சியை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வேலையின் செலவு அடுத்த ஆண்டு கூடும், பலன் ஓராண்டு தள்ளிப்போகும். இந்த ஆண்டு 57,231 கோடி என்று போட்டிருக்கிறார்கள். நடந்தால் நல்லது.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் இன்னொரு விதம். 63,246 கோடித் திட்டம். ஒன்றிய அரசு 2024 அக்டோபரில்தான் அதைத் தன் துறைத் திட்டமாக ஒப்புக்கொண்டது. அதுவரை அதற்கான பாரம் பெரும்பாலும் மாநிலத்தின் மீது. ஒப்புதல் எந்த ஆண்டு வரும் என்று சென்னையில் இருப்பவர் எப்படிக் கணிப்பார்?


சேகர்_சான்ஹோசே:

நீண்டகாலம் என்று பேசும்போது வருவாய்ப் பக்கத்தில் ஒன்று. பெட்ரோல், டீசல் மீதான வாட் வரி மாநிலத்துக்கு முக்கியமானது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததற்கே ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று கணக்கிட்டார்கள். மின்வாகன உற்பத்தியில் நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. மின்வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கும் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டில் ஊரெல்லாம் மின்வண்டி ஓடினால் அந்த இடத்தை எந்த வரி நிரப்பும்? கலிபோர்னியாவில் மைல் கணக்கில் கட்டணம் வாங்கிப் பார்க்கும் சோதனைகளைத் தொடங்கிவிட்டார்கள்.


வைகைச்செல்வி:

முதியோர் பெருகுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிய அரசின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு, 2031இல் 18.2 ஆகும் என்று கணிப்பு. என் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆசிரியர் தேவை ஒரு பக்கம் குறையும், முதியோர் உதவித்தொகையும் மருத்துவமும் இன்னொரு பக்கம் ஏறும். எந்த மாவட்டத்தில் எப்போது என்று இப்போதே போட்டு வைத்தால், மூடுவதா இணைப்பதா என்று கடைசி நேரத்தில் பதறவேண்டியதில்லை.

மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே மாதிரி பார்க்க வேண்டும். 1.15 கோடிப் பேருக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 13,800 கோடி. பட்ஜெட்டில் 13,807 கோடி. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்று நேரில் தெரியும். நிறுத்தக்கூடாது. ஆனால் ஆயிரம் ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும். அடுத்த ஆண்டு தேர்தல். 1,500 ஆக்குவோம் என்று யாராவது சொன்னால் 20,700 கோடி. இந்தக் கணக்கை வாக்குறுதி தரும்போதே சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தால் போதும்.


திருப்பூர்க்காரன்:

ஒன்றிய வரியை நிதி ஆணையம் சொல்லும் பங்குப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கும் வரிப் பகிர்வையும் விட்டுவிடாதீர்கள். பத்தாவது நிதி ஆணையத்தில் நம் பங்கு 6.637 விழுக்காடு. பதினைந்தாவதில் 4.079. பனகாரியா தலைமையிலான பதினாறாவது ஆணையம் 2026-31க்கு என்ன சொல்லப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே 2026-27, 2027-28 கட்டங்களில் ஒன்றிய வரிப் பங்கு என்று என்ன எண் இருந்தாலும் அது யூகம்தான்.


பொருநைக்கரை:

ஆம். ஒன்றிய வரிப் பங்குக்கு ஒரே எண் போடாமல், பங்கு 3.8 ஆனால், இப்போது போலவே இருந்தால், 4.3 ஆனால் என்று மூன்று எண் காட்டலாம். சொந்த வரிக்கும் அப்படியே. பேரவையில் விவாதிக்கும் உறுப்பினருக்கு எது உறுதியான எண், எது ஆசை என்று தெரிந்துவிடும்.

நான் ஒரு வேலையைத் தொடங்குகிறேன். 2021-22 முதல் ஒவ்வொரு பட்ஜெட் விளக்கக் குறிப்பிலும் உள்ள நடுத்தர காலக் கட்டங்களை ஒரு தாளில் ஏற்றி, பக்கத்தில் தணிக்கைத்துறையின் இறுதிக் கணக்கை வைக்கப்போகிறேன். சொந்த வரி, ஒன்றிய வரிப் பங்கு, சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மூலதனச் செலவு, மின்வாரிய இழப்புக்குத் தந்தது. இந்த ஏழு தலைப்புகள் போதும். கருவூலத்தான் ஐயா, எந்தத் தலைப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.


கருவூலத்தான்:

சம்பளத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒன்றிய அரசு எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஜனவரியில் ஒப்புதல் தந்துவிட்டது. போன முறை ஏழாவது குழுவை ஒட்டி நம் மாநிலத்தில் திருத்திய சம்பளம் 2017 அக்டோபர் 1 முதல் கைக்கு வந்தது. கூடுதல் செலவு ஆண்டுக்கு 14,719 கோடி என்று அப்போது அரசு அறிவித்தது. இந்த முறையும் ஒன்றியம் அறிவித்ததும் இங்கே அலுவலர் குழு போடுவார்கள், ஆணை வரும்.

சாதாரண ஆண்டில் சம்பளச் செலவு வளர்வதற்கு இரண்டே காரணம்: 3 விழுக்காடு ஆண்டு ஊதிய உயர்வு, இரண்டு தவணை அகவிலைப்படி. ஓய்வு பெறுபவர்களின் சம்பளம் போக, புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் வரும். நடுத்தர காலத் திட்டத்தில் 2026-27, 2027-28 சம்பள வளர்ச்சி அந்த வழக்கமான வேகத்திலேயே இருந்தால், ஊதியக் குழு அந்தக் கட்டத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். திடீர் ஏற்றம் தெரிந்தால் சேர்த்துவிட்டார்கள். ஓய்வூதியத் தலைப்பிலும் அதே ஏற்றம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள், ஏனென்றால் சம்பளம் திருத்தினால் பழைய ஓய்வூதியர்களுக்கும் திருத்த வேண்டும். தாளைப் போட்டதும் இங்கேயே இணையுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.